முள்ளோடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கடலூர், புதுச்சேரி சிறு வியாபாரிகளுக்கான முழுமையான வரி வழிகாட்டி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போனால் முக்கால் மணி, ஒரு மணி நேரம். காலையில் இங்கே கடை திறந்து, மதியம் அங்கே சரக்கு எடுத்து, இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். பெண் கொடுத்து எடுப்பதும், கடன் கொடுத்து வாங்குவதும் இரண்டு ஊருக்கும் இடையே தலைமுறைகளாக நடக்கிறது. ஆனால் வரிச் சட்டத்துக்கு இது இரண்டு ஊர் அல்ல, இரண்டு மாநிலம். இரண்டுக்கும் எல்லையான முள்ளோடையைத் தாண்டும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் லாரியும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

இந்த வட்டாரத்துச் சிறு வியாபாரிகளுக்கு வரும் வரிச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த எல்லையைக் கவனிக்காததால் வருகிறது. பொதுவாக எழுதப்படும் வழிகாட்டிகளில் இது இருப்பதில்லை. அதனால் எல்லையை நடுவில் வைத்தே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். கணக்கு எழுதித் தரும் வேலையில் இருக்கிறேன். கடைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். "பாண்டியில வரி கம்மி" என்ற பேச்சு பழைய விற்பனை வரிக் காலத்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. விகிதம் நாடு முழுக்க ஒன்றே. பெட்ரோல், டீசல், மது ஆகியவை ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் அவற்றின் விலைதான் இன்னும் வேறுபடுகிறது. உங்கள் கடைச் சரக்குக்கு இரண்டு பக்கமும் அதே விகிதம். மாறுவது, யார் பதிவு செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும், எந்தப் பெயரில் வரி கட்ட வேண்டும் என்பவைதான்.

படி 1: உங்கள் வரம்பு 40 லட்சமா, 20 லட்சமா?

ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் வரம்பு தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய். 2019 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆனால் இந்த உயர்வு புதுச்சேரிக்கு வரவில்லை. அங்கே பொருள் விற்பவருக்கும் 20 லட்சம்தான். சேவைத் தொழிலுக்கு இரண்டு பக்கமும் 20 லட்சம்.

ஆக, திருப்பாதிரிப்புலியூரில் ஆண்டுக்கு 30 லட்சத்துக்குப் பாத்திரம் விற்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. அதே பாத்திரத்தை அதே 30 லட்சத்துக்கு முத்தியால்பேட்டையில் விற்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும். கடலூரில் இருக்கும் மாமனோ மச்சானோ "நாற்பது வரைக்கும் ஒண்ணும் வேணாம்" என்று சொன்னதை நம்பி புதுச்சேரியில் சும்மா இருந்தால், பின்னால் வரியோடு வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்.

கடலூர் பக்கத்திலும் 40 லட்சம் என்பது எல்லோருக்கும் கிடைக்காது. பொருள் "மட்டும்" விற்பவருக்குத்தான் அது. ஃபிரிட்ஜ் விற்று, பழுதும் பார்த்துக் கூலி வாங்கினால் 20 லட்சம். கடைக்கு மேல் மாடியை இன்னொரு கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அதுவும் சேவைதான், 20 லட்சத்துக்கு இறங்கிவிடுவீர்கள். ஓட்டல் சேவைக் கணக்கில் வரும். நெய்வேலியைச் சுற்றி ஃப்ளை ஆஷ் கல் போடுபவர்கள், செங்கல் சூளை வைத்திருப்பவர்கள், ஐஸ்கிரீம் தயாரிப்பவர்கள் ஆகியோருக்கும் 20 லட்சம்தான்.

விற்றுமுதல் என்றால் லாபம் அல்ல, மொத்த விற்பனை. வரியில்லாத பொருளின் விற்பனையும் இதில் சேரும். கணக்கு கடைக்கு அல்ல, பான் எண்ணுக்கு. ஒரே பான் எண்ணில் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை, புதுச்சேரி காந்தி வீதியில் ஒரு கடை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். மனைவி பெயரில் வேறு பான் எண்ணில் உண்மையாகவே தனித் தொழில் நடந்தால் அது தனி. ஒரே தொழிலைக் காகிதத்தில் இரண்டாக வெட்டுவதை அதிகாரிகள் வங்கிக் கணக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மீன், காய்கறி, பால், பலாப்பழம் என்று வரி இல்லாத பொருளை மட்டும் விற்பவர்களுக்கு விற்பனை எவ்வளவு ஆனாலும் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. கடலூர் துறைமுகத்தில் ஏலம் எடுத்துப் பச்சை மீன் விற்பவரும் பண்ருட்டிப் பலா மண்டிக்காரரும் இதில் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் வருமான வரி வேறு. அது 7-ஆம் படியில் வருகிறது.

யு.பி.ஐ. பற்றி ஒரு பயம் பரவியிருக்கிறது. கியூ.ஆர். அட்டையில் பணம் வாங்குவதற்குத் தனி வரி எதுவும் இல்லை. அதில் வந்த தொகை விற்றுமுதலைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். 2025-இல் கர்நாடகத்தில் யு.பி.ஐ. தரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. அதற்குப் பயந்து அட்டையை எடுத்து ஒளித்து வைப்பது தீர்வாகாது. மருமகன் அனுப்பிய பணமும் சீட்டுப் பணமும் கடைக் கணக்கில் கலக்காமல் இருக்கத் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். இதைச் செய்த கடைக்காரருக்கு நோட்டீஸ் வந்தாலும் பதில் சொல்ல ஒரு மணி நேரம் போதும்.

படி 2: சரக்கு எங்கே போய் இறங்குகிறது?

இந்த வட்டாரத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் விற்றால் வரி பாதி மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி., பாதி மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி. புதுச்சேரிக்குள் விற்றாலும் அப்படியே. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் அங்கேயும் எஸ்.ஜி.எஸ்.டி.தான். எல்லை தாண்டினால் முழுதும் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஒரே வரி. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும்: 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி.

காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் 34-தான். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு அனுப்பும் லோடு கடலூர், சிதம்பரம் வழியாகத் தமிழ்நாட்டுச் சாலையில் பாதி நாள் ஓடினாலும் அது உள்மாநில விற்பனை. தவளக்குப்பத்திலிருந்து ரெட்டிச்சாவடிக்கு ஆட்டோவில் போகும் நான்கு பெட்டி மாநிலம் தாண்டிய விற்பனை. பாகூர்ப் பக்கத்தில் எல்லை வயலுக்கு வயல் வளைந்து போகிறது. உங்கள் வாடிக்கையாளரின் ஊர் எந்தப் பக்கம் என்று ஊகிக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் விஷயம் என்னவென்றால், மாநிலம் தாண்டி வரியுள்ள பொருளை விற்றால் 40, 20 என்ற வரம்புகள் எதுவும் பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். புதுச்சேரியில் வீட்டிலேயே கேக் செய்து ஆண்டுக்கு 6 லட்சம் விற்கும் ஒரு பெண்மணி, கடலூர் பேக்கரி ஒன்றுக்கு வாரம் இருமுறை அனுப்பத் தொடங்கினால் அன்றைக்கே பதிவுக் கடமை வந்துவிடும். சேவைக்கு இந்தக் கெடுபிடி இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறவருக்கு 20 லட்ச வரம்பு அப்படியே இருக்கும். வில்லியனூர் சுடுமண் பொம்மை போன்ற, அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கும் வரம்புக்குள் விற்கும் வரை விலக்கு உண்டு. அதற்குப் பான் எண்ணும், சரக்கோடு இ-வே பில்லும் (சரக்கு நகர்வுக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு) இருக்க வேண்டும்.

கடலூர்க்காரர் நேரு வீதிக் கடைக்கு நேரில் வந்து துணி எடுத்துப் பணம் கொடுத்துப் போனால்? பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளர், பில்லில் முகவரி எழுதவில்லை என்றால் அது உள்ளூர் விற்பனையாகவே கொள்ளப்படும். பயப்பட வேண்டாம். பில்லில் கடலூர் முகவரி எழுதினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை.

வாங்கும் பக்கமும் கவனம் வேண்டும். கடலூர்க் கடைக்காரர் புதுச்சேரி மொத்த வியாபாரியிடம் தன் 33 எண்ணைக் கொடுத்துக் கடைக்குச் சரக்கு எடுத்தால் ஐ.ஜி.எஸ்.டி. போட்ட பில்லைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பழக்கத்தில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. போட்டுக் கொடுத்துவிட்டால் அந்த எஸ்.ஜி.எஸ்.டி. புதுச்சேரியுடையது, உங்களுக்கு இன்புட் (கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழிப்பது) கிடைக்காது. தொழில் விஷயமாகப் போய்ப் புதுச்சேரி லாட்ஜில் தங்கிய பில்லுக்கும் இதே கதிதான்.

இரண்டு பக்கமும் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி ஜி.எஸ்.டி. எண் வேண்டும். புதுச்சேரிக் கடையில் தேங்கிய சரக்கைக் கடலூர்க் கடைக்கு மாற்றினால், பணம் கை மாறாவிட்டாலும் சட்டப்படி அது விற்பனை. ஐ.ஜி.எஸ்.டி. பில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். "என் சரக்கு, என் கடை" என்ற நியாயம் இதில் எடுபடாது.

சரக்கின் மதிப்பு வரியோடு 50,000 ரூபாயைத் தாண்டி மாநிலம் கடந்தால் இ-வே பில் வேண்டும். இருபது கிலோமீட்டர்தானே என்பது விலக்கு ஆகாது. தமிழ்நாட்டுக்குள்ளேயே நகரும் சரக்குக்கு வரம்பு 1 லட்சம்.

படி 3: காம்போசிஷனா, வழக்கமான முறையா?

ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ளவர்கள், விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தைத் தேர்வு செய்யலாம். வியாபாரிக்கும் தயாரிப்பாளருக்கும் 1%, மது பரிமாறாத உணவகத்துக்கு 5%, 50 லட்சம் வரையிலான சேவைக்கு 6%. வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். இன்புட் கிடையாது. மாநிலம் தாண்டி விற்கவும் முடியாது. படி 2-இல் சொன்ன கேக் செய்யும் பெண்மணிக்குக் கடலூர் வாடிக்கை இருக்கும் வரை காம்போசிஷன் கதவு மூடியே இருக்கும். எல்லை தாண்டி வாங்கலாம், விற்கத்தான் தடை. செங்கல், ஃப்ளை ஆஷ் கல், ஐஸ்கிரீம் தயாரிப்பாளர்களுக்கு இந்தத் திட்டம் இல்லை.

"ஒரு சதவீதம்தானே" என்று எல்லோரும் இதற்குள் ஓடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் போகாதீர்கள்.

5% வரியுள்ள சரக்கை 80 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள், வரி 4 லட்சம், மொத்தம் 84 லட்சம். வரியோடு சேர்த்து 94.5 லட்சத்துக்கு விற்கிறீர்கள். வழக்கமான முறையில் விற்பனை 90, கொள்முதல் 80, மிச்சம் 10 லட்சம். காம்போசிஷனில் 94.5-லிருந்து 84-ஐயும், 1% ஆன 94,500 ரூபாயையும் கழித்தால் 9,55,500. ஆக 44,500 ரூபாய் நஷ்டம். லாப விளிம்பு குறைந்த மளிகைக்கும் மொத்த வியாபாரத்துக்கும் இப்படித்தான் அமையும்.

இதே கணக்கை முறுக்கு, அதிரசம் போடுபவருக்குப் பாருங்கள். மூலப்பொருள் 20 லட்சம், வரி 1 லட்சம், வரியோடு விற்பனை 42 லட்சம். வழக்கமான முறையில் மிச்சம் 20 லட்சம். காம்போசிஷனில் 42-லிருந்து 21-ஐயும் 42,000-ஐயும் கழித்தால் 20,58,000. இவருக்கு காம்போசிஷன்தான் லாபம். உழைப்பின் மதிப்பு அதிகமாகவும் மூலப்பொருள் வரி குறைவாகவும் இருந்தால் இந்தத் திட்டம் நல்லது.

உங்கள் வாடிக்கையாளர்கள் யார் என்பதையும் பாருங்கள். கடலூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கோ சரக்கு கொடுப்பவர் காம்போசிஷனில் இருந்தால், வாங்குபவருக்கு இன்புட் கிடைக்காது. அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

திட்டத்துக்கு மாறுவதென்றால் நிதியாண்டு தொடங்கும் முன், மார்ச் 31-க்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். கடைப் பலகையிலும் பில்லிலும் நீங்கள் காம்போசிஷன் வரிதாரர் என்று எழுத வேண்டும்.

படி 4: பதிவு செய்தல்

இணையதளத்தில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது "அரசுக் கட்டணம்" என்று கேட்டால் அது உதவிக்கூலி மட்டுமே. கடமை வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பான், ஆதார், புகைப்படம், கடை இடத்துக்கான சான்று ஆகியவை தேவை. வாடகைக் கடை என்றால் ஒப்பந்தமும் உரிமையாளர் பெயரில் உள்ள மின்கட்டண ரசீதோ சொத்து வரி ரசீதோ வேண்டும்.

பழைய டவுனிலும் புதுச்சேரி வீதிகளிலும் தாத்தா பெயரிலேயே நிற்கும் மின் இணைப்புகள் நிறைய. விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இதுவே பெரிய காரணம். வாரிசுகளிடம் ஒப்புதல் கடிதமும் சொத்துக்கான ஆவணமும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: பில் போடுவதும், நீங்களே கட்ட வேண்டிய வரியும்

2025 செப்டம்பர் 22 முதல் 12%, 28% விகிதங்கள் எடுக்கப்பட்டுப் பெரும்பாலான பொருட்கள் 5% அல்லது 18%-க்குள் வந்துவிட்டன. உங்கள் பில் மென்பொருளில் பழைய விகிதம் இன்னும் உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு முறை பாருங்கள்.

வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட். கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. விற்றவர் தன் ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டியிருக்க வேண்டும். மாதம் 14-ஆம் தேதி வாக்கில் விற்றவர்கள் காட்டிய பில்கள் அடங்கிய உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியல் தயாராகும். அதைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு, விடுபட்டதற்கு அந்த வியாபாரியிடம் உடனே போன் போடுங்கள். தொடர்ந்து விட்டுவிடுகிறவரிடம் சரக்கு எடுப்பதை நிறுத்துவது நல்லது. அவர் கொடுக்கும் தள்ளுபடியை விட நீங்கள் இழக்கும் இன்புட் பெரியது. சரக்கு வாங்கி 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டாலும் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும்.

அடுத்தது ரிவர்ஸ் சார்ஜ். விற்பவருக்குப் பதிலாக வாங்குபவர் கட்டும் வரி. இந்த வட்டாரத்தில் இரண்டு இடத்தில் இது கடிக்கிறது.

ஒன்று முந்திரி. பண்ருட்டிப் பக்கம் உரிக்காத முந்திரிக்கொட்டையை விவசாயியிடம் நேரடியாக வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, அதற்கு 5% வரியைத் தானே கட்ட வேண்டும். இருக்கும் இன்புட்டில் கழிக்க முடியாது, பணமாகவே கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். விவசாயி பில் தரமாட்டார், ஆகவே நீங்களே உங்கள் பெயரில் ஒரு பில் போட்டு வைக்க வேண்டும். சீசனில் கொள்முதலுக்கே பணம் இறுக்கமாக இருக்கும். இந்த 5 சதவீதத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது கடை வாடகை. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத உரிமையாளரின் வணிகக் கட்டடத்தில் பதிவு பெற்ற வியாபாரி வாடகைக்கு இருந்தால், வாடகைக்கு 18% வரியை வாடகைதாரரே கட்ட வேண்டும். மாதம் 20,000 ரூபாய் வாடகைக்கு 3,600 ரூபாய். சாதாரணக் கடைக்காரருக்கு இது இன்புட்டாகத் திரும்பிவிடும். 5% விகிதத்தில் இன்புட் இல்லாமல் நடக்கும் உணவகத்துக்கு அது முழுச் செலவு, வருடத்துக்கு 43,200 ரூபாய். புதுச்சேரியில் சின்ன உணவகம் திறக்க இடம் பார்ப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். காம்போசிஷன் வியாபாரிகளுக்கு இந்த வாடகை விதி பொருந்தாது.

படி 6: ரிட்டர்ன்

காம்போசிஷன் வியாபாரி காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-க்குள் சி.எம்.பி-08 படிவம் மூலம் வரி கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் 30-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-4 என்ற ஆண்டு ரிட்டர்ன் போட்டால் முடிந்தது.

வழக்கமான முறையில் விற்பனை பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-க்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி 20-க்குள். விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு முறையை எடுக்கலாம். அதில் ஜி.எஸ்.டி.ஆர்-1 காலாண்டுக்கு அடுத்த 13-க்குள், 3பி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் 22-க்குள். ஆனால் காலாண்டின் முதல் இரண்டு மாத வரியையும் அடுத்தடுத்த மாதம் 25-க்குள் சலான் போட்டுக் கட்டியாக வேண்டும். "காலாண்டுக்கு ஒருமுறைதானே" என்று இதை மறந்துவிடுகிறார்கள், வட்டி ஏறுகிறது.

விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. தாமதித்தால் ஒரு நாளுக்கு 20 ரூபாய். விற்பனை இருந்தால் நாளுக்கு 50 ரூபாய். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18% வட்டி. விற்பனையில்லாத ரிட்டர்னைக் கைப்பேசியிலிருந்து 14409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடிக்கலாம். மூன்று ஆண்டுக்கு மேல் தள்ளிப்போன ரிட்டர்னை இணையதளம் இப்போது ஏற்பதே இல்லை.

படி 7: வருமான வரி

ஜி.எஸ்.டி. விற்பனைக்கு, வருமான வரி லாபத்துக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறின, "வரி ஆண்டு" என்ற ஒரே பெயர் வந்தது. சிறு வியாபாரிக்குத் தேவையான அடிப்படை மாறவில்லை.

புதிய வரி விகித முறையில் (நியூ ரெஜிம்) 4 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 4 லட்சத்துக்கு ஒரு படியாக 5, 10, 15, 20, 25 என ஏறி 24 லட்சத்துக்கு மேல் 30%. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். வரி பூஜ்யம் என்பதும் ரிட்டர்ன் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட வேண்டும்.

சிறு வியாபாரிக்கு இருக்கும் பெரிய வசதி உத்தேச லாப முறை. விற்றுமுதல் 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை, இதைப் பயன்படுத்தலாம். வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்த விற்பனையில் 6%, ரொக்க விற்பனையில் 8% லாபமாகக் காட்டினால் விரிவான கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவையில்லை. 60 லட்சம் விற்பனையில் 40 லட்சம் யு.பி.ஐ., 20 லட்சம் ரொக்கம் என்றால் 2,40,000 ரூபாயும் 1,60,000 ரூபாயும் சேர்த்து லாபம் 4 லட்சம். யு.பி.ஐ.யைக் கண்டு ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அதில் வாங்கினால் சட்டமே உங்கள் லாபத்தைக் குறைவாக மதிப்பிடுகிறது. உண்மையான லாபம் இதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். கமிஷன், தரகுத் தொழிலுக்கு இந்த முறை இல்லை. ஒருமுறை இதிலிருந்து வெளியேறினால் ஐந்து ஆண்டு திரும்ப முடியாது.

இந்த முறையில் இருப்பவர்கள், ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால், மார்ச் 15-க்குள் முன்வரி முழுவதையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். ரிட்டர்னைக் கடைசித் தேதி வரை இழுக்காமல் ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். ஜி.எஸ்.டி.யில் காட்டிய விற்றுமுதல் வருமான வரித் துறையின் தகவல் அறிக்கையில் அப்படியே தெரியும். இரண்டு இடத்தில் இரண்டு எண் கொடுத்தால் கேள்வி வரும்.

ரொக்கத்துக்கு மூன்று எல்லைகள். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கைமாற்று வாங்குவது வங்கி வழியாகவே இருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் எழுதுபவர்கள் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது. மூன்றாவதில் கல்யாண மண்டபக்காரர்கள் முதல் சமையல்காரர்கள் வரை மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 8: உள்ளாட்சி

தொழில் வரி, தொழில் உரிமம் இரண்டும் உள்ளாட்சியில். கடலூர் 2021 முதல் மாநகராட்சி. புதுச்சேரியில் புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்துகள். தொழில் வரி எந்த ஊரிலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு. சின்னத் தொகை, ஆனால் வங்கிக் கடனுக்குப் போகும்போது இந்த ரசீதைக் கேட்பார்கள்.

படி 9: புயலுக்கு முன்னும் பின்னும்

2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம். நம் பக்கத்தில் வரி வழிகாட்டி எழுதினால் புயலைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது.

சரக்கு நனைந்து அழிந்தால், அந்தச் சரக்குக்கு எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். இழந்தவரிடமே கேட்பது கொடுமையாகத் தோன்றலாம். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, இதை மாற்ற வேண்டும் என்று வணிகர் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அதுவரை இன்சூரன்ஸ் எடுக்கும்போதே சரக்கின் மதிப்பை வரியோடு சேர்த்துக் காப்பீடு செய்ய முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். இழப்பு நேர்ந்த அன்றே படம், காணொளி எடுத்து, அழிந்த சரக்கின் பட்டியலைத் தேதியோடு எழுதுங்கள். உத்தேச லாப முறையில் இருப்பவர் இந்த நஷ்டத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. பெரிய இழப்பு வந்த ஆண்டில் முழுக் கணக்கு எழுதித் தணிக்கை செய்வது மேலா என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள், ஐந்து ஆண்டுத் தடையையும் எடைபோட்டு.

பில் கட்டுகளைத் தரை அலமாரியில் வைக்காதீர்கள். ஜி.எஸ்.டி. ஆவணங்களை ஆறு ஆண்டு காக்க வேண்டும். வெள்ளம் கேட்டுக்கொண்டு வராது. மாதா மாதம் கைப்பேசியில் படமெடுத்து இணையச் சேமிப்பில் போட்டுவிடுங்கள்.

படி 10: சாவி உங்கள் கையில்

ஆடிட்டரோ கணக்கரோ வைத்துக்கொள்வது நல்லது, கொடுக்கும் கூலி வீண்போகாது. ஆனால் ஜி.எஸ்.டி. பதிவில் இருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். கணக்கரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் ஊர் மாறிய பிறகு கடவுச்சொல்லுக்கு அலைகிறவர்கள் பலர். நோட்டீஸ் இப்போது தபாலில் வருவதற்குக் காத்திருக்க முடியாது. இணையதளத்தில் ஏற்றிவிட்டாலே உங்களுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். மாதம் ஒருமுறை நீங்களே உள்ளே போய் நோட்டீஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். போனில் மிரட்டிப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். வரி கட்டுவது எப்போதும் சலான் வழியாகத்தான்.

தொழிலை நிறுத்தினால் பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தானதிலிருந்து மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-10 போட வேண்டும். கடையைப் பூட்டிச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுப் பதிவை அப்படியே விட்டுப்போனால், ரிட்டர்ன் பாக்கி நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். சில வருடம் கழித்து மகனோ மகளோ அதே இடத்தில் புதுத் தொழில் தொடங்க விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய பதிவு எதிரே வந்து நிற்கும்.